சாட்டு போட்ட ஊரும் கார்டு கொடுத்த நாடும்

1

போன வாரம் வியாழக்கிழமை காலையில் நான் அமெரிக்கப் பிரஜை ஆனேன். டெட்ராய்ட் நகரத்தில் ஒரு பெரிய கூடம். பந்திக்குக் காத்திருக்கும் கல்யாணக் கூட்டம் மாதிரி வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் இடது பக்கம் இருந்த போலந்துக்கார அம்மாள் தொடக்கத்திலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். வலது பக்கம் இருந்தவர் கோட்டுப் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தார். நீதிபதி வந்தார், எல்லோரும் வலது கையைத் தூக்கினோம், அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். வேறு எந்த நாட்டுக்கும் விசுவாசமாக இருக்க மாட்டேன் என்று ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. கடலைக்காரரும் அந்த வரிக்கு மட்டும் மெல்லுவதை நிறுத்தினார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கையைக் குலுக்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என் கையைக் குலுக்கியது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு வயது மகள் நந்தினி, "கூல், அம்மா" என்று சொல்லிவிட்டு வாக்மேன் ஒயரை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.

விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமைக்குள் அது கோயமுத்தூர் போய், அவிநாசி போய், காங்கேயம் வழியாக வெள்ளகோவிலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வழியில் ஓடுகிற எந்தப் பஸ்ஸும் இவ்வளவு ஒழுங்காக எல்லா ஊரிலும் நின்று போகாது. அவிநாசியில் வாழ்க்கைப்பட்ட என் பெரியப்பா மகள் சரசா அக்காதான் முதலில் போன் செய்தாள்.

"ஏ அம்மணி, நம்ம நாட்டையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துப்போட்டியாமா?"

"அப்படியெல்லாம் இல்லீங்கக்கா."

"பின்ன எப்படி? இங்க ஆளாளுக்குக் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அந்த ஆளாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தேசபக்தியில் ஒரு கோளாறும் இல்லை. டாலர் ஆசையும் இல்லை; பிரஜை ஆனதால் சம்பளத்தில் ஒரு சல்லி கூடக் கூட்டித் தர மாட்டார்கள். ஊருக்கு வந்தால் எத்தனை நாள் இருந்தாய், ஏன் இருந்தாய் என்று திரும்பும்போது ஒருத்தனும் என்னைக் கேட்கக் கூடாது. அம்மாவோடு மனசு நிறைய இருந்துவிட்டு வர வேண்டும். அதற்காகத்தான் கையைத் தூக்கினேன். அந்த எண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம், ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் நட்ட ஒரு மரக்கம்பம்.

2

கிரீன் கார்டைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சில தப்பான எண்ணங்கள் உண்டு. முதலில், அது பச்சை இல்லை. என்னுடையது வெளிறிப்போன ரோஸ் நிறம், துவைத்துத் துவைத்துச் சாயம் போன பாவாடை மாதிரி. இரண்டாவது, அதன் பெயரில் இருக்கும் 'நிரந்தரம்' என்ற சொல். நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்று கொடுக்கிறார்கள். குடியிருக்காவிட்டால் நிரந்தரம் போய்விடும் என்பதைச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள்.

விதி இதுதான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால், விமான நிலையத்தில் நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் அந்தக் கார்டைக் காட்டி உள்ளே வர முடியாது. நீண்ட நாள் வெளியே இருக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு, திரும்பி வருவதற்கென்று ஒரு பர்மிட் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தை அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே போட வேண்டும். வெளியே போன பிறகுதான் நாள் இழுக்கும் என்று மனிதர்களுக்குத் தெரிய வருகிறது. அதை அந்த விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணமெல்லாம் குறித்த தேதியில் நடக்கும் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பீளமேட்டுக்காரர், இஞ்சினியர். குக்கர் வாங்கினால்கூட அதோடு வருகிற புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் விசில் போட விடுவார். அவர் கிளம்பும்போதே சொன்னார்: "எதுக்கும் அந்தப் பர்மிட்டுக்கு ஒரு அப்ளிகேசன் போட்டுட்டுப் போயிரலாம்." கல்யாணத்துக்குப் போகிறேன், மூன்று மாதத்தில் வந்துவிடப் போகிறேன், இதற்கு எதற்குப் பர்மிட் என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

இதற்கெல்லாம் குறுக்கு வழி கண்டுபிடித்தவர்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற ஒருத்தர், மகன் எடுத்துக் கொடுத்த கார்டு வைத்திருந்தார். வருடம் திரும்புவதற்குள் ஒரு தடவை வந்து, பத்து நாள் மகன் வீட்டில் டிவி பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். "வருசத்துக்கு ஒருக்கா தொட்டுட்டுப் போனாப் போதுமுங்க, கார்டு உசுரோட இருக்கும்" என்று எல்லோருக்கும் இலவச ஆலோசனை வேறு. வருடத் திதி கொடுப்பது போல அவர் கார்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு வருடம் விமான நிலையத்தில் அதிகாரி அவரிடம், "இங்கேதானே குடியிருக்கிறீர்கள், பால் என்ன விலை?" என்று கேட்டார். இவர் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் லிட்டர் இத்தனை ரூபாய் என்று பைசா சுத்தமாகச் சொன்னார். அன்றைக்கே கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

3

என் தம்பி கதிர்வேலுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது, வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்கள் ஊரில். தேங்காயை உடைத்துக் காயப் போட்டு, காங்கேயத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற தொழில். அவனுக்கு வைகாசியில் கல்யாணம் குறித்தார்கள். அதற்காக நானும், அப்போது ஆறு வயதான நந்தினியும் சித்திரைக் கடைசியில் ஊருக்கு வந்தோம்.

எங்கள் ஜனத்தில் கல்யாணம் என்றால் இணைச்சீர் இல்லாமல் இல்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் கூடப் பிறந்தவளை உட்கார வைத்துச் செய்கிற சீர். பெண்ணுக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு அன்றைக்கு அக்கா தங்கைக்கும் உண்டு. கதிருக்கு ஒரே அக்கா நான். நான் கல்யாணமாகி அமெரிக்கா போன நாளிலிருந்தே அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீ எங்க வேண்ணாப் போயிக்க. கதுருக்கு இணைச்சீருக்கு வந்து உக்கோந்துரு."

வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே இருந்தேன்.

வைகாசியில், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, பெண் வீட்டுப் பங்காளி ஒருவர் இறந்து போனார். தொண்ணூறு வயது, யாரையும் குறை சொல்ல முடியாது. அடுத்தது ஆவணி என்றார்கள். ஆவணியில் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கதிருக்கு அம்மை போட்டது. மாப்பிள்ளை முகமெல்லாம் முத்து. வேப்பிலைக்கு நடுவே படுத்துக்கொண்டு, "அக்கா, உனக்கு நெம்ப நாளாகுதுல்ல?" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். அப்புறம் ஜோசியர் தைக்குத் தள்ளினார். தையில் பெண்ணின் அக்காவுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, அவர்கள் எல்லாரும் ஈரோட்டில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்கள். கடைசியில் சித்திரை என்று முடிவானது.

இதற்கு நடுவில் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் கோளாறு. ஒரு வருடம் தள்ளி வைத்திருந்தால் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பேன். இதோ அடுத்த முகூர்த்தம், இதோ அடுத்த முகூர்த்தம் என்றுதான் வருடம் ஓடியது.

சரசா அக்கா நடுவில் ஒரு யோசனை சொன்னாள். "நீ போறதுன்னா போ அம்மணி. நாங்களும் அவனுக்கு அக்காதான? இணைச்சீருக்கு நான் உக்கோந்துக்கறேன்." அதில் தப்பொன்றும் இல்லை. கூடப் பிறந்தவள் இல்லாதவர்களுக்குப் பெரியப்பா மகள்தான் செய்வாள். ஆனால் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவ உசுரோட இருக்கையில இன்னொருத்தி எதுக்கு? ஊரு என்ன பேசும்? அக்காளுக்குத் தம்பிய விடக் கார்டுதான் பெருசாப் போச்சுன்னு பேசாதா?"

சரசா அக்கா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தேதி நெருங்கும்போதும் பட்டுப்புடவையோடு, தலைக்கு மைசூர் மல்லி வைத்துக்கொண்டு, ஆட்டத்தில் யாருக்காவது கால் பிசகினால் இறங்கலாம் என்று காத்திருப்பவள் மாதிரி அவிநாசியிலிருந்து வந்து இறங்குவாள்.

நந்தினியை வெள்ளகோவிலில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டேன். இங்கிலீஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இவர் போன் செய்தால், "ஏனுங்கப்பா, சோறு உண்டீங்களா?" என்று கேட்பாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வரும்.

4

சித்திரைக் கல்யாணத்துக்கு எல்லாம் தயார். முகூர்த்தம் முடிந்து நான்காம் நாள் எனக்கும் நந்தினிக்கும் பம்பாயிலிருந்து விமானம். வருடம் முடிவதற்குள் டெட்ராய்ட்டில் கால் வைத்துவிடலாம். விசாரிப்பார்கள், ஆனால் விட்டுவிடுவார்கள் என்று இவர் புத்தகம் பார்த்துச் சொல்லியிருந்தார்.

இங்கே எங்கள் ஊர் நோம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரியம்மன் கோயில் பண்டிகையை நாங்கள் நோம்பி என்போம். கோயில் முன்னால் பூச்சாட்டி, அதாவது நோம்பி தொடங்கிவிட்டது என்று பறையடித்து ஊருக்கு அறிவித்து, மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்தை வெட்டி வந்து கம்பமாக நடுவார்கள். தினமும் பெண்கள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், இரவில் ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் பொங்கல் வைத்துக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும் வரைக்கும் ஊருக்குள் கல்யாணம் கூடாது. சாட்டுகிற அன்றைக்கு ஊருக்குள் இருந்தவர்கள் எல்லை தாண்டி ராத்தங்கவும் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுதோடு திரும்பிவிட வேண்டும்.

அந்த நோம்பி எங்கள் ஊரில் ஏழு வருடமாக நடக்கவில்லை. முதல் மரியாதை யாருக்கு என்று வடக்கு வளவுத் தெருக்காரர்களுக்கும் தெற்கு வளவுத் தெருக்காரர்களுக்கும் தகராறு. தாசில்தார் வந்து பேசினார், ஆகவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள், ஆகவில்லை. ஏழு வருடமாக ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணீர் குடிக்கவில்லை. இந்தப் பகையை நம்பித்தான் நாங்கள் சித்திரையில் கல்யாணமே குறித்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

இரண்டு வருடமாக மழை இல்லை, கிணறெல்லாம் வற்றிவிட்டது, ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று யாரோ ஆரம்பித்து, இரண்டு வளவுப் பெரியவர்களும் அரச மரத்தடியில் கட்டிப் பிடித்து அழுதார்களாம். அடுத்த செவ்வாய் சாட்டலாம் என்று ஒருத்தர் சொல்லியிருக்கிறார். அதற்குள் மறுபடி சண்டை வந்துவிடும் என்று எல்லோரும் பயந்து, அன்றைக்குப் பொழுதோடேயே சாட்டிவிட்டார்கள். நான் கல்யாணப் பாத்திரங்களுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். தெருவில் பறைச் சத்தம் போனது. அம்மா வாசலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். சந்தோஷமா துக்கமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"சாட்டிப்போட்டாங்க கண்ணு" என்றாள்.

ஊரே ஆடிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் பேசாமல் இருந்தவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்கள். ஊருக்குள் அன்றைக்கு அழுதவள் நான் ஒருத்திதான். கல்யாணம் கம்பம் பிடுங்கின பிறகு என்று தள்ளிப் போனது. என் விமானம் அதற்கு முன்னால்.

இவருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, இங்க சாட்டிப்போட்டாங்க" என்றேன்.

"ஆரு? ஏழு வருசமா சாட்டாதவங்க இப்பத்தான் சாட்டோணுமா?" கொஞ்ச நேரம் இரண்டு வளவையும் பாரபட்சம் இல்லாமல் திட்டினார். பிறகு, "சரி, நான் இங்க இமிக்ரேசன்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது? கம்பம் நட்டுட்டாங்கன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போறதுன்னாப் போ. நான் தடுக்கல. ஆனா சாட்டுக்குள்ள இருந்துட்டு எல்ல தாண்டிப் போனவ நாளைக்கு இந்த ஊருக்குள்ள எந்த மொகத்தோட வருவே? நல்லது கெட்டது எது நடந்தாலும் உன்ற தலையிலதான் போடுவாங்க. மழ பெய்யலீன்னா நீ போனதாலதாம்பாங்க."

போகவில்லை. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். கம்பம் பிடுங்கிய பிறகு கல்யாணம் நடந்தது, தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், இணைச்சீர் முடிந்தது. சரசா அக்கா முன் வரிசையில் இருந்து கடைசி வரைக்கும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என் வருடம் முடிந்து போயிருந்தது.

5

வருடம் தாண்டியவர்களுக்கு மெட்ராஸில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஒரு வழி இருக்கிறது. திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வந்தேன், என் கையை மீறிய காரணத்தால் நாள் கடந்துவிட்டது என்று நிரூபித்தால், மறுபடி உள்ளே போக ஒரு விசா தருவார்கள். நிரூபிக்காவிட்டால் கார்டு போனது போனதுதான்.

அதில் ஒரு வேடிக்கை. நந்தினி அமெரிக்காவில் பிறந்தவள், அவளுக்கு விசாவே வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் போகலாம். கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களோடு குதித்து, மூக்கில் மஞ்சள் தண்ணீர் ஏறித் தும்மிக்கொண்டிருந்த என் மகள் அமெரிக்கக்காரி. அவளைப் பெற்றவள் வாசலில் நிற்க வேண்டியவள். "நான் முன்னால போயி அப்பாகிட்டச் சொல்லி உங்களக் கூப்பிடச் சொல்றேனுங்கம்மா" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் குழந்தை யாரிடம் இருப்பது என்று யோசித்து நாலு நாள் சோறு இறங்கவில்லை.

மெட்ராஸுக்கு அம்மாவும் வந்தாள். தானே உள்ளே போய், "என்னாலதானுங்க புள்ள நின்னுது" என்று துரையிடம் சொல்லப் போவதாக நீலகிரி எக்ஸ்பிரஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். விண்ணப்பித்தவர் மட்டும்தான் உள்ளே என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மௌண்ட் ரோட்டு வெயிலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை நிழலில் நின்றுகொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சின்னப் பையன் போல இருந்தார். காதெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரர் அனுப்பியிருந்த வரிக் கணக்கு, வீட்டு வாடகைப் பத்திரம், கேஸ் பில் எல்லாவற்றையும் நீட்டினேன். அதோடு மூன்று கல்யாணப் பத்திரிகை. ஆவணி, தை, சித்திரை. அவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"மூன்றிலும் மாப்பிள்ளை ஒருவரேதானா?"

"ஆமாம், என் தம்பி."

"பெண்?"

"அதே பெண்தான்."

"அந்தச் சடங்கில் நீங்கள் எவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கால் மணி நேரத்துக்காக ஒரு வருடமா என்று அவர் கேட்கவில்லை. பிறகு, கல்யாணங்கள் தள்ளிப் போனது புரிகிறது, கடைசி விமானத்தை ஏன் விட்டீர்கள் என்றார். கம்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"அந்தச் சமயத்தில் ஊரை விட்டுப் போனால் போலீஸ் பிடிக்குமா?"

"இல்லை."

"கிராமத்தார் வழியை மறிப்பார்களா?"

"இல்லை. யாரும் தடுக்க மாட்டார்கள்."

"அப்படியென்றால் நீங்கள் போயிருக்கலாம். இது உங்கள் கையை மீறிய காரணம் ஆகாதே."

அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்தான். ஒரு வருடக் கோபம். "ஐயா, போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வரும்போதுதான் கேட்பார்கள். எல்லைக்கு உள்ளே இருக்க வேண்டிய நாளில் எங்கே போனாய் என்று கேட்பார்கள். பதில் சொல்லாவிட்டால் நான் அந்த ஊர்க்காரி இல்லை. உங்கள் நாட்டிலும் அதைத்தானே கேட்கிறீர்கள்? நான் போகும்போது விமான நிலையத்தில் ஒருத்தரும் என்னை நிறுத்தவில்லையே" என்றேன்.

சொல்லிவிட்டு, கார்டு போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை மூடினார். உள்ளே எழுந்து போய் யாரோடோ பேசிவிட்டு வந்தார். "எங்களுக்கு முன்னாலேயே உங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். விசா கொடுத்தார். அடுத்த தடவை பர்மிட் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். "குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்ல பையன்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெயில் என்று சொன்னாள்.

6

திரும்பி வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பிரஜை ஆவதற்கு முன்னால் தொடர்ந்து இத்தனை வருடம் குடியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருடம் தாண்டி வெளியே இருந்தால் அந்தக் கணக்கு அறுந்து போகும், மறுபடி தொடங்கி நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். அந்த நான்கு வருடமும் நான் ஊருக்கு வரவில்லை. கதிருக்கு மகன் பிறந்தபோது வரவில்லை, வீடு புதுக்கியபோது வரவில்லை. வந்தால் மறுபடி ஏதாவது நோம்பி சாட்டிவிடுவார்களோ என்று பயம். இது விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

நந்தினி மறுபடி இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் வாரம் டீச்சர் போன் செய்தாள். வருடம் முழுவதும் இந்தியாவில் என்ன செய்தாய் என்று வகுப்பில் கேட்டதற்கு, "ஒரு கம்பத்தைக் கிணற்றில் போடுவதற்காகக் காத்திருந்தோம்" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று டீச்சர் ரொம்ப மெதுவாக விசாரித்தாள். விளக்கிச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் குரல் இன்னும் மெதுவாகிவிட்டது.

அந்த 'ஏனுங்கப்பா' ஒரு வருடம்கூட இருக்கவில்லை. முதலில் 'ங்க' போனது. பிறகு 'அப்பா' டாட் ஆனது. இப்போது நான் தமிழில் கேட்கிறேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், இருவரும் அவரவர் கட்சியில் உறுதியாக இருக்கிறோம். அதற்காகவும் ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும், இந்தத் தடவை அவசரம் இல்லாமல், ஒரு வருடம் முழுதாக. பிரஜை ஆகிவிட்டால் அமெரிக்கா அதைக் கேட்காது. எத்தனை வருடம் வெளியே இருந்தாலும் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு வரலாம். போன வியாழக்கிழமை கையைத் தூக்கியது இதற்குத்தான்.

சனிக்கிழமை இவர் இந்திய விசா விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து வழக்கம் போல முழுதாகப் படித்தார். ஆமாம், விசாதான். இந்தியா இரண்டு பாஸ்போர்ட்டை ஒத்துக்கொள்ளாது. நான் இனி இந்தியாவுக்கு வெளிநாட்டுக்காரி. வருகையின் நோக்கம் என்ன என்று ஒரு கட்டம். இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் பெயர் எழுதவும் என்று இன்னொரு கட்டம். அம்மா பெயரை எழுதினேன். என்னைப் பெற்றவளை எனக்குத் தெரிந்தவள் என்று ஒரு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இவர் அடுத்த பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

7

ஊரில் எல்லோரும் போன் செய்தார்கள், அம்மா மட்டும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். கதிர் எடுத்து அம்மாவிடம் கொடுத்தான்.

"சரசா சொன்னா" என்றாள் அம்மா. "இனி அங்க உன்னைய ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல?"

"கேக்க மாட்டாங்கம்மா."

"எத்தன நாள் இங்க இருந்தாலும்?"

"எத்தன நாள் இருந்தாலும்."

"அப்ப வா கண்ணு. புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்து வருசம் பூராவும் இரு. இந்த வாட்டி ஆருக்கும் கல்யாணமில்ல, ஒண்ணுமில்ல. சும்மா வந்து இரு."

இவர் விரல் வைத்துக் காட்டிய வரியைச் சொல்லாமல் போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

"வருசம் பூராவும் இருக்க முடியாதுங்கம்மா. ஆறு மாசந்தானுங்க. அதுக்கு மேல இருக்கோணும்னா போலீசுல போயிப் பதிஞ்சு வெக்கோணும்."

"ஆரு?"

"நாந்தானுங்கம்மா."

"நம்மூட்டுல இருக்கறதுக்கா?"

"ஆமாங்கம்மா."

பின்னால் களத்தில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதிர் யாரையோ கூப்பிடுவதும் கேட்டது. பிறகு அம்மா பேசினாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது, பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

"சரி, அஞ்சு மாசம் இரு. அஞ்சாவது மாசக் கடைசியில கெளம்பிரு கண்ணு. நான் அழுதாலுஞ் சரி, ஊருல என்ன சாட்டுனாலுஞ் சரி, நின்றாத. பொறவு அடுத்த வாட்டி உன்னைய இங்க உள்ளயே உட மாட்டேனுட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சரிங்கம்மா என்றேன். என்னைக் கிளம்பு என்று அம்மா சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.